நூறு வயது மேசை ஏ.சி. அறைக்கு வந்தால்: பழைய மரச் சாமான்கள் பற்றி ஒரு விளக்கம்

சண்டிகரில் அரசு அலுவலக மொட்டை மாடிகளில் வெயிலிலும் மழையிலும் குவிந்து கிடந்த தேக்கு நாற்காலிகள், ஐரோப்பிய, அமெரிக்க ஏலக் கூடங்களில் ஒவ்வொன்றும் லட்சக்கணக்கான ரூபாய்க்குப் போகின்றன. சில ஆண்டுகளாகவே திரும்பத் திரும்ப வரும் செய்தி இது. இன்னொரு பக்கம், அடுக்குமாடி வீடுகளின் உள் அலங்காரத்தில் செட்டிநாட்டுத் தூண், பழைய நிலைக்கதவில் செய்த சாப்பாட்டு மேசை, ஊஞ்சல், பிரம்பு பின்னிய ஈசி சேர் என்று ஒரு அலை.

இரண்டையும் பார்க்கிறவர்களுக்கு ஒரே மாதிரிச் சந்தேகங்கள்தான் எழுகின்றன. தாத்தா வீட்டு அலமாரி ஆன்டிக் ஆகுமா? விற்கலாமா, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்கு அனுப்பலாமா? 80 வருஷம் ஒன்றும் ஆகாமல் இருந்த மேசை, நம் வீட்டுக்கு வந்த ஆறே மாதத்தில் ஏன் பிளந்தது?

மூன்றாவது கேள்விக்கான பதில் பெரும்பாலும் யாருக்கும் சொல்லப்படுவதில்லை. கையால் செய்த பழைய மரச் சாமானின் மதிப்பை அதன் வயதில் தேடுகிறோம். அது இருப்பது பொருத்துகளில். அந்தப் பொருத்துகள் ஏன் அப்படிச் செய்யப்பட்டன என்று தெரியாமல் 'ரெஸ்டோர்' செய்யும்போதுதான் நல்ல சாமான்கள் பாழாகின்றன. அடிப்படையிலிருந்து வருவோம்.

கடைக்காரர் சொல்லும் நான்கு சொற்கள்

1. ஆன்டிக். இந்தச் சொல்லுக்கு மட்டும்தான் சட்டத்தின் துணை உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், குறைந்தது 100 ஆண்டு பழமையான கைவினைப் பொருள்களைத் தொல்பொருள் என்கிறது. கையெழுத்துச் சுவடிகளுக்கும் ஆவணங்களுக்கும் மட்டும் 75 ஆண்டு. 1950-இல் செய்த கட்டில் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தச் சட்டப்படி ஆன்டிக் இல்லை.

2. வின்டேஜ். சட்டத்தில் இப்படி ஒரு வகையே கிடையாது. வழக்கத்தில், 100 வயதை எட்டாத, ஆனால் இன்றைய காலத்தையும் சேராத சாமானுக்கு வைக்கிற பெயர். 40 வருஷத்துச் சாமானும் வின்டேஜ்தான், 90 வருஷத்துச் சாமானும் வின்டேஜ்தான். யாரும் யாரையும் கேள்வி கேட்க முடியாத சொல் என்பதால் தாராளமாகப் புழங்குகிறது.

3. ரீகிளெய்ம்டு. பழைய மரம், புதுச் சாமான். இடித்த வீட்டின் உத்திரம், கதவு, ஜன்னல், தூண் ஆகியவற்றை அறுத்து இன்று செய்வது. மரத்துக்கு 100 வயது இருக்கலாம், மேசைக்கு மூன்று மாதம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. 'பழைய மரத்தில் செய்தது' என்பதை 'பழைய மேசை' என்று சொல்லி விற்றால்தான் ஏமாற்று.

4. பழைய பாணி நகல். புது மாமரத்திலோ வேறு மரத்திலோ செய்து, சங்கிலியால் அடித்து, ஓரங்களைத் தேய்த்து, சாயம் பூசிப் பழசாக்கியது. ஜோத்பூர் போன்ற பெரிய உற்பத்தி மையங்களிலிருந்து இது உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் ஏராளமாகப் போகிறது. உழைப்பு உண்மையானது, வயது மட்டும் ஒப்பனை.

புவிசார் குறியீட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குஜராத்தின் சங்கேடா சாமான்கள், மைசூரின் ஈட்டி மர இழைப்பு வேலை (மரத்தில் வேறு துண்டுகளைப் பதிப்பது), சஹாரன்பூர் மரச் செதுக்கு, காஷ்மீர் வால்நட் செதுக்கு, நம் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பம் எல்லாம் இந்தக் குறியீடு பெற்றவை. அது ஊரையும் கைவினை மரபையும் உறுதி செய்யும், வயதைச் சொல்லாது. நேற்றுச் செய்ததற்கும் குறியீடு கிடைக்கும்.

இந்தச் சாமான்கள் எங்கிருந்து வருகின்றன

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை பெரிய ஊற்று செட்டிநாடு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பர்மாவில் லேவாதேவி செய்த நகரத்தார், அங்கிருந்து தேக்கைக் கப்பலில் கொண்டு வந்து வீடு கட்டினார்கள். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும், 1960-களில் அங்கே சொத்துகள் அரசுடைமை ஆனதும் அந்தப் பணவரவை முடித்துவைத்தன. பேரன் பேத்திகள் பல ஊர்களுக்குப் பிரிந்தார்கள். பத்து இருபது பங்குதாரர்களுக்குப் பொதுவான ஒரு வீட்டைப் பராமரிக்க யாராலும் முடியவில்லை. வீடுகள் இடிந்தன, அல்லது இடிக்கப்பட்டன. தூண், கதவு, பெட்டகம், கணக்குப்பிள்ளை மேசை எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்தன. கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர் தெருக் கடைகளும் இப்படித்தான் நிறைந்தன.

அழிந்த வீடுகளிலிருந்துதான் இந்தச் சந்தை நடக்கிறது என்பதை வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு தூணை விற்றுவிட்டால் அந்தத் தாழ்வாரம் திரும்ப வராது.

மரத்தின் கதை இன்னொன்று. மியான்மர் 2014 ஏப்ரலில் அறுக்காத முழு மரங்களின் ஏற்றுமதியை நிறுத்தியது. இன்று டிம்பர் டிப்போவில் கிடைக்கிற வெளிநாட்டுத் தேக்கில் பெரும்பங்கு ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கத் தோட்டங்களில் இளவயதில் வெட்டியது. பழைய பர்மா தேக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 'மெதுவாக வளர்ந்த மரம்தான் பலம்' என்று சொல்வார்கள். தேக்கைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. வேகமாக வளர்ந்த தேக்கின் அடர்த்தியும் பலமும் பெரிதாகக் குறைவதில்லை. குறைவது வைரம், அதாவது மரத்தின் நடுவே இறுகிக் கறுத்த உள்பகுதி. முதிர்ந்த மரத்தில் வைரம் பாய்ந்த பகுதி அதிகம், வெளிப்புறத்து வெள்ளை குறைவு. கரையானையும் பூஞ்சையையும் அண்டவிடாத எண்ணெய்ப் பசையும் வேதிப்பொருள்களும் வைரத்தில்தான் இருக்கின்றன. இளமரத்துப் பலகையில் வெள்ளை கலந்து வரும், அந்த இடத்தைப் பூச்சி தேடி வந்து தின்னும்.

நூறு வருஷமானாலும் மரம் அசையும்

இனி முக்கியமான விஷயம். 'பழைய மரம், நன்றாகக் காய்ந்துவிட்டது, இனி ஒன்றும் ஆகாது' என்பது பரவலான நம்பிக்கை. தவறு.

மரம் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொள்ளும், காற்று வறண்டால் திருப்பிக் கொடுக்கும். வெட்டி எத்தனை வருஷமானாலும் இது நிற்காது. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப, தன் எடையில் இத்தனை சதவீதம் தண்ணீர் என்ற ஒரு சமநிலைக்கு அது வந்து சேரும். நம் ஊர் வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் மரத்துக்குள் ஏறத்தாழ 14 சதவீத ஈரம் இருக்கும். 50 சதவீதமானால் ஏறத்தாழ 9.

ஈரம் ஏறினால் மரம் உப்பும், இறங்கினால் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இல்லை. பச்சை மரம் முழுக்க உலரும்போது தேக்கு எப்படிச் சுருங்குகிறது என்று பாருங்கள்:

1. நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.
2. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 2.5 சதவீதம்.
3. ஆண்டு வளையங்கள் சுற்றிவரும் திசையில் சுமார் 5.8 சதவீதம்.

ஈட்டி மரத்துக்கும் எண்கள் ஏறக்குறைய இவையே. தேக்கு பல மரங்களைவிடக் குறைவாக அசைகிற மரம், அதனால்தான் அதற்கு அந்த மரியாதை. அப்படிப்பட்ட தேக்கே இவ்வளவு அசைகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டடி, அதாவது 60 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு மேசைப் பலகை. கடலோர ஊர் ஒன்றில் முற்றமும் திண்ணையும் உள்ள வீட்டில் 14 சதவீத ஈரத்தோடு இருந்தது. இப்போது இரவு பகலாக ஏ.சி. ஓடும் அறைக்கு வருகிறது. சில மாதங்களில் 9 சதவீதத்துக்கு இறங்கும். 5 சதவீத இறக்கத்துக்கு, மரம் அறுக்கப்பட்ட விதத்தைப் பொறுத்து, அகலம் இரண்டரை முதல் ஆறு மில்லிமீட்டர் வரை குறையும். நீளம் குறையாது.

ஆறு மில்லிமீட்டர் என்பது சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. ஆனால் அந்தப் பலகையை இரண்டு பக்கமும் திருகாணியால் அசையாமல் இறுக்கியிருந்தால், அந்த ஆறு மில்லிமீட்டர் எங்காவது வந்தே ஆக வேண்டும். நடுவில் வெடிப்பாக வரும்.

தச்சர்கள் அதற்கு வைத்த வழி

இந்த எண்கள் எதுவும் ஆசாரிகளிடம் இல்லை. ஆனால் ஐப்பசி மழையில் கதவு இறுகுவதையும் சித்திரை வெயிலில் அதே கதவு ஆடுவதையும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள். மரத்தை அசையவிடாமல் தடுக்க முடியாது, அசைவதற்கு இடம் விட்டுச் செய்ய வேண்டும் என்பதே அவர்கள் கண்ட வழி. பழைய சாமானில் நாம் அழகு என்று ரசிக்கிற பல அம்சங்கள் இந்தத் தேவையிலிருந்து வந்தவை.

பழைய கதவையோ அலமாரியின் பக்கவாட்டையோ பாருங்கள். அகலமான ஒரே பலகையாக இருக்காது. குறுகலான சட்டங்களைக் கோத்து ஒரு சட்டகம், அதன் உள் விளிம்பில் ஒரு காடி (நீளமான பள்ளம்), அந்தக் காடிக்குள் மெல்லிய பலகை. பலகையை ஒட்டவும் மாட்டார்கள், ஆணி அடிக்கவும் மாட்டார்கள். காடிக்குள் சும்மா நிற்கும். மழைக்காலத்தில் உப்பிக் காடிக்குள் உள்ளே போகும், வெயிலில் சுருங்கி வெளியே வரும். சட்டகத்தின் நீள அகலம் மாறாது, ஏனென்றால் அதன் சட்டங்கள் நீளவாக்கில் நிற்கின்றன.

சட்டங்கள் சேரும் மூலையில் ஒன்றில் துளை, இன்னொன்றில் அந்தத் துளைக்குள் இறுகப் போகும் நாக்கு. இரண்டையும் கோத்துக் குறுக்கே ஒரு மூங்கில் ஆணி அல்லது மர ஆணி. இரும்பு ஆணி துருப்பிடிக்கும், துரு சுற்றியுள்ள மரத்தையும் கறுக்கவும் உளுக்கவும் வைக்கும். மூங்கில் ஆணிக்கு அந்தச் சிக்கல் இல்லை. தவிர, அதைத் தட்டி வெளியே எடுத்தால் மொத்த மூலையும் கழன்றுவரும். பெரிய கட்டில்களையும் அலமாரிகளையும் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றி, போன ஊரில் திரும்பப் பூட்டினார்கள். எண்பது சென்டிமீட்டர் லிஃப்ட் கதவுக்குள் அந்த அலமாரி இன்றும் போகும், கழற்றத் தெரிந்த ஒருவர் இருந்தால்.

ஒட்ட வேண்டிய இடத்தில் வஜ்ஜிரம் போட்டார்கள். மிருகத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசை. ஈரத்தோடு சூடு காட்டினால் இளகிவிடும். இதைக் குறை என்று நினைப்பவர்கள் உண்டு. மரத்தை உடைக்காமல் பொருத்தைப் பிரித்துச் சரிசெய்ய முடிந்ததே அதனால்தான். மேல்பூச்சும் அப்படித்தான்: அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்த்த பாலிஷ். ஒரு இடத்தில் வெளுத்தால் அந்த இடத்தில் மட்டும் மீண்டும் ஸ்பிரிட்டால் கரைத்துப் பூசலாம்.

பிரிக்க முடிகிற பொருத்து, கரைக்க முடிகிற பசை, கரைக்க முடிகிற பூச்சு. மர நாரைப் பசையோடு அழுத்திய எம்.டி.எஃப். பலகையில் செய்த அலமாரி ஒரு முறை தண்ணீரில் உப்பினால் குப்பைக்குத்தான். பழைய சாமான் மூன்று தலைமுறை உழைத்த பிறகும் ரிப்பேருக்கு இடம் கொடுக்கிறது. கைவேலை என்ற சொல்லுக்கு என் கணக்கில் இதுதான் பொருள். செதுக்கு வேலை அதற்கு அப்புறம்.

நாம் கெடுக்கும் இடங்கள்

மேலே சொன்னது புரிந்தால், 'ரெஸ்டோரேஷன்' என்ற பெயரில் நடப்பதில் எவை தவறு என்பது தானே விளங்கும்.

1. காடியில் சும்மா நிற்கும் பலகை ஆடுகிறது என்று அதைச் சுற்றிப் பசை ஊற்றுவது, அல்லது இடைவெளியில் மக்கு (புட்டி) அடைப்பது. அடுத்த வறண்ட காலத்தில் பலகை நடுவில் பிளக்கும். ஆடிய பலகையால் எந்தக் கெடுதலும் இருந்திருக்காது.

2. மேசைப் பலகையின் வெடிப்பை இழுத்து மூட, அடியில் குறுக்காக ஒரு இரும்புப் பட்டையோ கட்டையோ வைத்து வரிசையாகத் திருகாணி போடுவது. அந்த வெடிப்பு மூடிக்கொள்ளும், பக்கத்தில் புதிதாக இரண்டு திறக்கும். குறுக்குக் கட்டை தேவைதான் என்றால், நடுவில் மட்டும் இறுக்கி, ஓரத் திருகாணிகளுக்குத் துளையை அந்தக் கட்டையின் நீளவாக்கில் நீட்டி விட வேண்டும்.

3. மேல்பக்கத்துக்கு மட்டும் தடிமனாக பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடிப்பது. பூச்சு ஈரத்தை முழுக்கத் தடுக்காது, வேகத்தைக் குறைக்கும். அடிப்பக்கம் வெறுமையாக இருந்தால் ஒரு பக்கம் சீக்கிரமும் மறுபக்கம் மெதுவாகவும் ஈரம் ஏறி இறங்கி, பலகை வளையும். எதைப் பூசினாலும் இரண்டு பக்கமும் பூச வேண்டும்.

4. மழைக்காலத்தில் இறுகும் டிராயரை உடனே இழைத்துவிடுவது. ஐப்பசியில் இழைத்த டிராயர் சித்திரையில் தொளதொளவென்று ஆடும். ஓடும் கட்டையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு, வெயில் வரும்வரை காத்திருந்தால் போதும்.

5. முழுச் சாமானையும் இயந்திரம் வைத்து உரசி 'புது மரம்' தெரியும்படி செய்வது. எனக்குப் பொறுக்காதது இதுதான். நூறு வருஷம் காற்றும் வெளிச்சமும் கையும் பட்டு வந்த அந்த நிறம் மரத்தின் மேல்தோலில் மட்டும் இருக்கிறது. உரசினால் போனது போனதுதான், எந்தச் சாயத்தாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. முதலில் ஈரத்தை நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்துப் பாருங்கள். பாதிச் சாமான்களுக்கு அதற்கு மேல் வேண்டியிருக்காது.

பூச்சு அரக்குதானா என்று அறிய எளிய வழி உண்டு. கண்ணில் படாத மூலையில் பஞ்சில் தொட்ட ஒரு சொட்டு ஸ்பிரிட். சில நொடிகளில் பிசுபிசுத்தால் அரக்கு. சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழுவதும் பெரும்பாலும் அரக்கின் அடையாளம்தான்.

வாங்குமுன் எதைப் பார்ப்பது

வயதைப் பற்றிய கதையைக் கடைக்காரரிடம் கேட்காமல் சாமானிடமே கேட்கலாம். முகப்பைப் பார்க்க வேண்டாம், ஒப்பனை அங்கேதான் நடக்கும். டிராயரை வெளியே எடுத்துத் தலைகீழாகத் திருப்புங்கள்.

கையால் இழைத்த பலகையில், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மெல்லிய அலைகள் தெரியும், விரலால் தடவினாலும் உணரலாம். வளைவான கோடுகள் வரிசையாகத் தெரிந்தால் அது வட்ட ரம்பத்தில் அறுத்தது. மூலைகளில் புறா வால் போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று பூட்டியிருக்கும். எல்லாப் பற்களும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவென்றால் இயந்திர வேலை, சற்றே முன்பின் இருந்தால் கை வேலை. டிராயரின் அடி விளிம்பு தேய்ந்திருக்க வேண்டும், அது ஓடும் கட்டையிலும் அதற்கு நேரான தேய்மானம் இருக்க வேண்டும். நாற்காலியின் முன் குறுக்குச் சட்டத்தில் கால் பட்டுத் தேய்ந்த பள்ளம் இருக்கும். யார் கையும் காலும் படாத இடத்தில் தேய்மானம் இருந்தால் அது சங்கிலியின் வேலை.

கூட்டல் குறி போட்ட திருகாணி 1930-களுக்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. '120 வருஷத்துப் பெட்டி' என்பதில் அது இருந்தால், பின்னாளில் ரிப்பேர் ஆகியிருக்கிறது அல்லது வயது பொய். ஒரு திருகாணியை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். பழைய சாமானில் நேர்மையான ரிப்பேர் இருப்பது இயல்பு.

வட்ட மேசைக்கு ஒரு அருமையான சோதனை இருக்கிறது. மரத்தின் நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை டேப்பால் அளந்து பாருங்கள். வட்டமாக அறுத்த பலகை பல வருஷம் உலர்ந்திருந்தால் குறுக்களவு சில மில்லிமீட்டர் குறைந்து, கண்ணுக்குத் தெரியாத முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். ஒப்பனை செய்கிறவர்கள் பொதுவாக இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

பூச்சி ஓட்டை இருந்தாலே ஒதுக்க வேண்டியதில்லை. ஓட்டையின் கீழே புதிதாக, மாவு போன்ற வெளிர்நிறத் தூள் விழுகிறதா என்பதே கேள்வி. அடியில் கறுப்புத் தாள் விரித்து இரண்டு வாரம் தனியே வையுங்கள். தூள் விழுந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கிறது, பூச்சி மருந்து அடிப்பவரிடம் புகையூட்டல் கேளுங்கள். மண்ணெண்ணெய் தடவுவதால் பயனில்லை, மேலாக ஊறி ஆவியாகிவிடும். பாலிஷ் உள்ள மரத்தின் மேல் தடவும் மருந்தும் உள்ளே இறங்காது.

பெயிண்ட் அடித்த பழைய சாமான் என்றால் இன்னொரு எச்சரிக்கை. இந்தியாவில் வீட்டு பெயிண்டில் ஈயத்தின் அளவை பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் நிறைய இருக்க வாய்ப்புண்டு. அழகாக உரிந்து நிற்கும் பச்சை, நீலப் பெயிண்டுக் கதவுகளை வீட்டுக்குள் வைத்து உலர்வாக உரசுவது ஆபத்து. அந்தத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நனைத்து உரச வேண்டும், அதுவும் வீட்டுக்கு வெளியே, முகக்கவசத்தோடு. அப்படியே வைத்துக்கொள்ள ஆசை என்றால் மேலே தெளிவான பூச்சு அடித்துப் பெயிண்டை அடைத்துவிடலாம். குழந்தை தூங்கும் தொட்டிலுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஊஞ்சலுக்குத் தனிக் கணக்கு

பழைய வீட்டில் ஊஞ்சல் தொங்கியது உத்திரத்தில். அடுக்குமாடியில் மேலே இருப்பது நான்கைந்து அங்குல கான்கிரீட் தளம், அதற்கும் கீழே ஃபால்ஸ் சீலிங். பலகையும் சங்கிலியும் 50 கிலோ, உட்காரும் இரண்டு பேர் 130 கிலோ, ஆக 180 கிலோ என்று நினைக்கிறோம். ஆடும்போது அப்படி இல்லை. 45 பாகை வரை வீசி ஆடினால், கீழே வரும் நொடியில் சங்கிலி தாங்கும் பாரம் நிற்கும் எடையைப் போல 1.6 மடங்கு. 180 கிலோ ஏறத்தாழ 285 ஆகிறது, அதுவும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஏறி இறங்குகிறது. சாதாரண விரிவு போல்ட் நாளடைவில் இளகுவது இதனால்தான். கட்டும்போதே கம்பியோடு கட்டிய கொக்கி, அல்லது பொறியாளர் பார்த்து பீமில் போட்ட வேதிப் பசை ஆணி, இவை இரண்டும் இல்லையென்றால் தரையில் நிற்கும் சட்டகத்தில் ஊஞ்சலை மாட்டுவதே பத்திரம்.

சட்டம் எங்கே குறுக்கே வரும்

வீட்டில் வைத்திருப்பதற்கும் அன்றாடம் புழங்குவதற்கும் பெரும்பாலான பழைய சாமான்களுக்குத் தடையில்லை. சிக்கல் வருவது நான்கு இடங்களில்.

முதலாவது, நாட்டை விட்டு வெளியே அனுப்புவது. 100 வயதைத் தாண்டியதைத் தனியார் யாரும் ஏற்றுமதி செய்ய முடியாது. பார்க்கப் பழசாகத் தெரியும் சாமானுக்கு, அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்குவது நல்லது. இல்லாவிட்டால் துறைமுகத்தில் நிற்கும்.

இரண்டாவது, மரத்தின் இனம். ஈட்டி, சீஷம் உட்பட டால்பெர்ஜியா பேரினத்து மரங்கள் எல்லாம் 2017 ஜனவரி 2 முதல் சர்வதேச வனவுயிர் வணிக ஒப்பந்தமான சைட்டீஸின் பட்டியலில் இருக்கின்றன. வயது இங்கே கணக்கில்லை, புதுச் சாமானுக்கும் இதே விதிதான். 10 கிலோ வரையிலான செய்து முடித்த பொருள்களுக்கு விலக்கு உண்டு. அதற்கு மேல் எல்லை தாண்ட ஆவணம் தேவை. தேக்கு இந்தப் பட்டியலில் இல்லை. உள்நாட்டில் ஈட்டி மரங்களை வெட்டாமல் காக்கத் தமிழ்நாடு 1994-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. புது ஈட்டிக் கட்டில் என்று யாராவது விற்றால், மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது வாங்குகிறவரின் கடமை.

மூன்றாவது, தந்தம். பழைய மைசூர் இழைப்பு வேலையிலும் விசாகப்பட்டினப் பெட்டிகளிலும் தந்தம் பதித்திருப்பார்கள். இந்திய யானைத் தந்த வணிகம் 1986-இலும், ஆப்பிரிக்கத் தந்தத்தின் வணிகம் 1991-இலும் தடை செய்யப்பட்டன. எவ்வளவு சிறிய துண்டானாலும் விற்கவும் வாங்கவும் கூடாது.

நான்காவது, செதுக்குச் சிற்பங்கள். தேரிலிருந்தும் கோவில் வாகனங்களிலிருந்தும் பெயர்த்த மரச் சிற்பங்கள் வரவேற்பறைச் சுவருக்கு வருகின்றன. இதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். 100 வயதான சிற்ப வேலைகளைத் தொல்பொருளாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது ஒரு பக்கம். அது எந்தக் கோவிலிலிருந்து களவு போனது என்று உங்களுக்குத் தெரியாது என்பது இன்னொரு பக்கம்.

இனி சண்டிகர் நாற்காலிக்கு வரலாம். அந்த நகரத்தைத் திட்டமிட்ட லெ கொர்புசியேயின் உறவினர் பியர் ஜன்னரே 1951 முதல் 1965 வரை அங்கேயே தங்கி, அலுவலகங்களுக்காக இவற்றை வடிவமைத்தார். கவிழ்த்த ஆங்கில 'வி' போன்ற கால், தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல். உள்ளூர்ப் பட்டறைகள் ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்தன. பழசானதும் கழிவு ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போயின. வெளிநாட்டு வணிகர்கள் வாங்கிப் புதுப்பித்து விற்றார்கள். 2011-இல் மத்திய உள்துறை இவற்றை விற்கவும் ஏலம் விடவும் தடை போட்டது. அதற்கு முன் போனவை போனவைதான். மூத்த நாற்காலிக்கே இன்னும் 80 வயது ஆகவில்லை என்பதால் தொல்பொருள் சட்டம் இவற்றைத் தொடாது. 'இவ்வளவு விலை போகிறது, ஏன் ஏற்றுமதியைத் தடுக்கவில்லை?' என்ற கேள்விக்கு விடை அந்த 100 வருஷக் கோடுதான்.

தாத்தா வீட்டு ஈசி சேர் அந்த விலைக்குப் போகாது. அந்த ஏல விலை பெயருக்கும் வரலாற்றுக்கும் கொடுப்பது. ஆனால் பிரம்புப் பின்னலும் துளை நாக்குப் பொருத்தும் இரண்டிலும் ஒன்றே, பராமரிப்பும் ஒன்றே.

அறையில் வைக்கும் விதம்

ஏ.சி. காற்று நேராகப் படும் இடத்தையும் மேற்கு ஜன்னல் வெயிலையும் தவிர்த்து வையுங்கள். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் பின்பலகைக்கும் காற்று கிடைக்கும். புதிதாக வந்த சாமானை முதல் இரண்டு மூன்று மாதம் ஏ.சி. இல்லாத அறையில் வைத்து, அப்புறம் மாற்றினால் ஈரம் மெதுவாக இறங்கும். வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் இறக்கத்தின் வேகம்தான். கதவில் செய்த மேசைக்குக் கண்ணாடி போடுவதென்றால், மரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிறு ரப்பர் வில்லைகள் வையுங்கள். தொய்ந்த பிரம்புக்கு, அடிப்பக்கத்தில் ஈரத்துணி ஒற்றி, ஒரு இரவு யாரும் உட்காராமல் நிழலில் உலரவிட்டால் ஓரளவு இழுத்துக்கொள்ளும். பின்னல் அறுந்திருந்தால் பிரம்பு பின்னுகிறவரிடம்தான் போக வேண்டும்.

கோடையில் அலமாரிக் கதவை உற்றுப் பார்த்தால், உள்பலகையின் இரண்டு ஓரமும் ஒரு நூல் அகலத்துக்குப் பாலிஷ் இல்லாத வெளிர் கோடு தெரியலாம். காடிக்குள் மறைந்திருந்த பகுதி அது, பலகை சுருங்கியதால் வெளியே வந்திருக்கிறது. பாலிஷ் போட்டவர் விட்டுவிட்டார் என்று நினைத்து அதன் மேல் சாயம் தொட வேண்டாம், மக்கு வைக்கவும் வேண்டாம். மழை பிடித்து இரண்டு வாரத்தில் அது தானாக உள்ளே போய்விடும்.